பத்து வருட மகசூலைக் கேட்டு விலை பேசுங்கள்: நீண்டகால லாபத்தை வைத்து ஒரு பங்கை மதிப்பிடும் முறை

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் போன வருஷ மகசூலை மட்டும் கேட்டு விலை பேசுவதில்லை. மா ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷம் கைவிரிக்கும். நல்ல வருஷம், கெட்ட வருஷம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தோப்புக்கு விலை வைப்பார். அதே ஆள் பங்கு வாங்கும்போது மட்டும், கடைசி ஒரு வருட லாபத்தில் போட்ட பி.இ. விகிதத்தை (பங்கின் விலை, ஒரு பங்கு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை) பார்த்து, "இருபதுதான், மலிவு" என்று முடிவுகட்டி விடுகிறார். ஓசூர் சிப்காட்டில் லாரிக்கும் டிராக்டருக்கும் பாகம் செய்கிற நிறுவனங்களின் லாபமும் மா மாதிரிதான் காய்க்கும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடந்த 10 ஆண்டுகளின் ஒரு பங்கு லாபத்தை ஒவ்வொன்றாக இன்றைய ரூபாய்க்கு மாற்றி, சராசரி எடுத்து, அந்தச் சராசரியால் பங்கின் விலையை வகுக்க வேண்டும். ஷில்லர் பி.இ. என்பார்கள். பெரும்பாலும் மொத்தச் சந்தையை எடைபோடத்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். தனி நிறுவனத்துக்கும் போடலாம், வேலைதான் கொஞ்சம் கூடும். சூத்திரம் ஒரே வரி. தப்பு நடப்பதெல்லாம் எண்களை எடுத்து எழுதும் இடத்தில். அதனால் கீழே அந்தப் படிகளுக்குத்தான் இடம் அதிகம்.

1. கையில் என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

ஆண்டறிக்கைகள், நுகர்வோர் விலைக் குறியீட்டெண், ஒரு எக்செல் அல்லது கூகுள் ஷீட். அவ்வளவுதான். ஆண்டறிக்கைகள் நிறுவனத்தின் இணையதளத்திலும் பி.எஸ்.இ., என்.எஸ்.இ. பங்குச் சந்தைகளின் தளங்களிலும் இலவசம். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் எழுதிக் கேட்டால் அச்சுப் பிரதி அனுப்புவார்கள்.

10 ஆண்டுக்கு 10 அறிக்கை தேவையில்லை. ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த ஆண்டின் எண்ணுக்குப் பக்கத்திலேயே முந்தைய ஆண்டின் எண்ணும் இருக்கும். 2016-17, 2018-19, 2020-21, 2022-23, 2024-25 ஆகிய ஐந்தை இறக்கினால் 2015-16 முதல் 2024-25 வரை கிடைத்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: கணக்கு விதி மாறிய ஆண்டுகளில், முந்தைய ஆண்டின் எண்ணைப் புது விதிப்படி திருத்தித்தான் அடுத்த அறிக்கையில் போட்டிருப்பார்கள்.

முதல் நிறுவனத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுக்கப் போகும். மூன்றாவது நிறுவனம் வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதையே செய்து தருகிறோம் என்று மாதச் சந்தா கேட்பவர்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

2. இந்த முறை அந்த நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

ஏறி இறங்கும் தொழில்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்: லாரி, வாகன உதிரிபாகம், சிமெண்ட், உருக்கு, சர்க்கரை, கிரானைட் ஏற்றுமதி. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் இந்த வகை. லாரி விற்பனை உயரும் ஆண்டும் படுக்கும் ஆண்டும் மாறி மாறி வருவதால், எந்த ஒரு ஆண்டின் லாபமும் அதன் உண்மை நிலையைச் சொல்லாது.

வேகமாக வளரும் நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு எப்போதும் 'விலை அதிகம்' என்றே சொல்லும். ஓசூரில் கடிகாரம் செய்யத் தொடங்கி, இன்று வருவாயில் பெரும்பகுதியை நகையில் ஈட்டும் டைட்டனைப் பத்தாண்டுச் சராசரியால் மட்டும் அளந்தால் எந்த ஆண்டும் வாங்க முடியாது. அதற்கான திருத்தம் 7ஆம் படியில்.

10 ஆண்டு லாபக் கணக்கே இல்லாத நிறுவனங்களுக்கு இதைப் போடவே கூடாது. போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்டில்தான் பட்டியலுக்கு வந்தது. நஷ்டக் கணக்கோடு வந்தது. அங்கே சராசரி எடுக்க லாபமே இல்லை.

பொதுத்துறை வங்கிகளில் வேறொரு சிக்கல். இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் லாபம் இன்றைய வங்கியின் லாபம் அல்ல. இணைப்பு, பிரிப்பு நடந்த எந்த நிறுவனத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த 10 ஆண்டும் ஒரே கடையா?

3. ஒரு பங்கு லாபத்தை எடுத்து எழுதுங்கள்

லாப நட்டக் கணக்கின் கடைசி வரிகளில் இ.பி.எஸ்., அதாவது ஒரு பங்கு லாபம், இருக்கும். அங்கே கவனிக்க வேண்டியவை:

தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு இருக்கும். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கையே 10 ஆண்டுக்கும் எடுங்கள். ஐந்து ஆண்டு இது, ஐந்து ஆண்டு அது என்று கலந்துவிட்டால் மொத்தக் கணக்கும் வீண். தனிக் கணக்குதான் அறிக்கையில் முதலில் வரும் என்பதால் அவசரத்தில் அதையே எழுதிவிடுவது வழக்கமான தப்பு.

அடிப்படை, நீர்த்த என்று இ.பி.எஸ். இரண்டு விதம். நீர்த்ததை எடுங்கள். ஊழியர்களுக்குத் தரப்போகும் பங்குகளும் அதில் கணக்காகிவிடும்.

'மொத்த விரிவான வருமானம்' என்றொரு வரி நிகர லாபத்துக்குக் கீழே வரும். அது நமக்கு வேண்டாம். கையிலுள்ள முதலீடுகளின் விலை ஏற்ற இறக்கமும் அதில் கலந்திருக்கும்.

நஷ்ட ஆண்டை மைனஸ் குறியோடு எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் எக்செல் சராசரி எடுக்கும்போது அந்த ஆண்டையே தாண்டிப் போய்விடும். பத்தால் வகுக்க வேண்டியதை ஒன்பதால் வகுக்கும். பூஜ்யம் போடுவதும் தவறுதான்.

4. போனஸ், பங்குப் பிரிப்பைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். இனி ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம்: லாரிக்கு ஃபோர்ஜிங் பாகம் செய்யும் நிறுவனம், பங்கின் இன்றைய விலை 1,000 ரூபாய். 2018 செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது, அதாவது கையில் இருந்த ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொரு பங்கு. 2016-17 அறிக்கையைத் திறந்தால் 2015-16க்கு 36, 2016-17க்கு 40 என்று இருக்கும். 2018-19 அறிக்கையில் 2017-18க்கு 25 என்று இருக்கும், ஏனென்றால் அந்த அறிக்கையில் முந்தைய ஆண்டையும் போனஸுக்கு ஏற்பத் திருத்திவிட்டார்கள். அப்படியே வரிசையாக எழுதினால் லாபம் 40லிருந்து 25க்குச் சரிந்தது போலத் தோன்றும். நடந்தது நேர்மாறு: 20லிருந்து 25க்கு ஏறியிருக்கிறது.

திருத்தும் வழி: ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் பழைய எண்ணை 2ஆல் வகுங்கள். இரண்டு பங்குக்கு ஒரு போனஸ் என்றால் 3ஆல் வகுத்து 2ஆல் பெருக்குங்கள். பங்கைப் பிரித்ததில் முகமதிப்பு (பங்கின் மேல் குறித்த மதிப்பு) 10லிருந்து 2 ஆனால் 5ஆல் வகுங்கள். ஏற்கெனவே திருத்திப் போட்ட ஆண்டை மறுபடி வகுத்துவிடாதீர்கள்.

போனஸ் நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? இருப்புநிலைக் குறிப்பில் செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தை ஆண்டுவாரியாகப் பாருங்கள். திடீரென இரட்டிப்பானால் போனஸ். மூலதனம் மாறாமல் முகமதிப்பு மட்டும் குறைந்தால் பிரிப்பு. ஸ்க்ரீனர் போன்ற தளங்கள் திருத்திய எண்களையே காட்டும், சரிபார்க்க உதவும். உரிமைப் பங்கு வெளியீடும் (இருக்கும் பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு விற்பது) நிறுவனப் பிரிவும் நடந்திருந்தால் மட்டும் அவற்றை நம்பி விட்டுவிடாமல் அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

5. ஒருமுறை வந்த பணத்தை எடுத்துவிடுங்கள், ஆனால் கை நீளக் கூடாது

ஓசூர் நகரம் வளர்ந்ததில் ஆலை நிலமே தங்கமாகிவிட்டது. நிலத்தை விற்ற ஆண்டில் லாபம் வானத்துக்குப் போகும். அது பாகம் செய்து வந்த லாபம் அல்ல. வரி போக எடுத்துவிடுங்கள். 'விதிவிலக்கு இனங்கள்' என்ற வரியிலும் அதன் குறிப்பிலும் விவரம் இருக்கும். 2019 செப்டம்பரில் நிறுவன வரி குறைக்கப்பட்டபோது, ஒத்திவைத்த வரியை (பின்னால் கட்டவோ கழிக்கவோ வேண்டியது என்று கணக்கில் குறித்து வைத்ததை) திருத்தியதால் 2019-20 லாபம் பல நிறுவனங்களில் ஒருமுறை மட்டும் கூடியது அல்லது குறைந்தது. அதையும் பாருங்கள்.

நஷ்டத்தை எடுக்கும்போது கஞ்சத்தனமாக இருங்கள். விருப்ப ஓய்வுத் திட்டச் செலவு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அது விதிவிலக்கு அல்ல, வழக்கம். கொரோனா ஆண்டை நீக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். கெட்ட ஆண்டையும் உள்ளே வைப்பதற்காகத்தானே பத்தாண்டு எடுக்கிறோம்.

6. பழைய ரூபாயை இன்றைய ரூபாயாக்குங்கள்

தேவை: அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண், ஊரகமும் நகரமும் சேர்ந்தது, 2012 = 100 (2012இன் விலைமட்டத்தை 100 என்று வைத்தது). மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் குறியீட்டெண்ணை மாதந்தோறும் 12ஆம் தேதி வாக்கில் வெளியிடுகிறது; 2026 பிப்ரவரியிலிருந்து வருவது 2024ஐ அடிப்படையாகக் கொண்ட புது வரிசை. ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாத எண்களின் சராசரியே அந்த நிதியாண்டின் எண். அடிப்படை ஆண்டு மாறிய புது வரிசையைப் பயன்படுத்தும்போது அதோடு தரப்படும் இணைப்புக் காரணியால் பெருக்காமல் பழைய வரிசையோடு ஒட்டக் கூடாது.

2024-25இன் சராசரி 192.6. இதை ஒவ்வொரு ஆண்டின் எண்ணாலும் வகுத்தால் அந்த ஆண்டுக்கான பெருக்கு எண் வரும். நம் கற்பனை நிறுவனத்துக்கு:

2015-16: குறியீடு 124.7, பெருக்கு 1.54, இ.பி.எஸ். 18 → 27.72
2016-17: 130.3, 1.48, 20 → 29.60
2017-18: 135.0, 1.43, 25 → 35.75
2018-19: 139.6, 1.38, 30 → 41.40
2019-20: 146.3, 1.32, 16 → 21.12
2020-21: 155.3, 1.24, 11 → 13.64
2021-22: 163.8, 1.18, 24 → 28.32
2022-23: 174.7, 1.10, 38 → 41.80
2023-24: 184.1, 1.05, 46 → 48.30
2024-25: 192.6, 1.00, 50 → 50.00

கூட்டுத்தொகை 337.65. சராசரி 33.77 ரூபாய். விலை 1,000. வகுத்தால் 29.6. கடைசி ஆண்டு லாபத்தை மட்டும் வைத்தால் பி.இ. 20தான். போனஸைத் திருத்தாமல் 36, 40 என்றே விட்டிருந்தால் 25.3 வந்து, பங்கு உள்ளதைவிட மலிவாகத் தெரிந்திருக்கும்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, நிலம் விற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த வருமான வரித் துறையின் விலைப் பணவீக்கக் குறியீடு. 2015-16க்கு 254, 2024-25க்கு 363 என்று ஆண்டுக்கு ஒரே எண்ணாகக் கையில் கிடைப்பதால் அதை எடுத்துப் போடத் தோன்றும். அது முந்தைய ஆண்டு நகர்ப்புற விலை உயர்வில் 75 சதவீதத்தை மட்டுமே கணக்கில் எடுப்பது. அதன்படி பெருக்கு எண் 1.43தான் வரும், உண்மை 1.54. இரண்டாவது, மொத்த விலைக் குறியீடு. அது ஆலை வாசலில் நிற்கும் விலை, வீட்டுச் செலவின் விலை அல்ல.

2011க்கு முன்னால் போக வேண்டுமென்றால் இந்த வரிசை கிடையாது. தொழிற்சாலைகளில் பஞ்சப்படி கணக்கிடும் தொழிலாளர் குறியீட்டெண்ணைப் பயன்படுத்துங்கள். அதில் 2001 அடிப்படையிலிருந்து 2016 அடிப்படைக்கு மாற இணைப்புக் காரணி 2.88. சம்பளச் சீட்டில் பஞ்சப்படி பார்ப்பவர்களுக்கு இது பழகிய எண்தான்.

ஒவ்வொரு ஆண்டின் பி.இ.யையும் எடுத்து அவற்றுக்குச் சராசரி போடாதீர்கள். லாபம் 11 ரூபாய்க்கு விழுந்த ஆண்டில் பி.இ. தாறுமாறாக ஏறி, அந்த ஒரே ஆண்டு மொத்தச் சராசரியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். லாபத்துக்குத்தான் சராசரி.

7. வந்த எண்ணைப் படிப்பது

29.6 அதிகமா, குறைவா? தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் அதைத் தலைகீழாக்குங்கள். 33.77ஐ 1,000ஆல் வகுத்தால் 3.4 சதவீதம். இது பணவீக்கத்தைக் கழித்த பிறகான லாப விளைச்சல். வங்கி வைப்பு நிதியின் 7 சதவீதத்தோடு இதை நேரே ஒப்பிடுவது தப்பு. வைப்பு வட்டி 7, பணவீக்கம் 4.5 என்றால் அங்கே கையில் நிற்பது 2.5. அந்த 2.5ஐத்தான் இந்த 3.4க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தொழில் படுத்துவிடக்கூடிய அபாயத்துக்கு 0.9 சதவீதம் கூடுதல் போதுமா என்பதுதான் கேள்வி. ஃபோர்ஜிங் தொழிலுக்குப் போதாது.

அடுத்தது வளர்ச்சித் திருத்தம். பத்தாண்டுச் சராசரி என்பது ஏறக்குறைய நாலரை ஆண்டுக்கு முந்தைய நிறுவனத்தின் படம். நிறுவனம் சீராக வளர்ந்தாலே இந்த விகிதம் சாதாரண பி.இ.யைவிடக் கூடுதலாகத்தான் வரும். எவ்வளவு கூடும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். பணவீக்கம் போக ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்றால் 1.23 மடங்கு; 7 சதவீதம் என்றால் 1.33, 8 சதவீதம் என்றால் 1.38, 15 சதவீதம் என்றால் 1.73.

நம் நிறுவனம் இன்றைய ரூபாயில் 27.72லிருந்து 50க்கு ஒன்பது ஆண்டில் வந்திருக்கிறது, ஆண்டுக்கு 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் இரண்டு விகிதத்துக்கும் நடுவே 1.33 மடங்கு வித்தியாசம் இயல்பு. இருப்பதோ 29.6க்கு 20, அதாவது 1.48. இந்த உபரி சொல்லும் செய்தி: இப்போதைய 50 ரூபாய் லாபம் அதன் வழக்கமான போக்குக்கு மேலே நிற்கிறது. மா கொட்டிய வருஷத்தில் தோப்பை விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வழியிலும் சரிபாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் நிகர லாபத்தைப் பங்குதாரர் நிதியால் வகுத்து, 10 ஆண்டுச் சராசரி எடுங்கள். நம் நிறுவனத்துக்கு அது 14 சதவீதம், இன்றைய புத்தக மதிப்பு (பங்குதாரர் நிதியைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தது) பங்குக்கு 260 ரூபாய் என்று வைப்போம். 260இல் 14 சதவீதம் 36.4. சாதாரண ஆண்டில் இந்த நிறுவனம் சம்பாதிக்கக்கூடியது இவ்வளவு. நிறுவனம் லாபத்தை உள்ளேயே போட்டு ஆலையைப் பெரிதாக்கியிருந்தால் புத்தக மதிப்பு அதைக் காட்டும். பழைய லாபச் சராசரி காட்டாது. அதனால்தான் இந்த இரண்டாவது கணக்கு.

விலை எங்கே இருந்தால் வாங்கலாம்? ஏறி இறங்கும் தொழிலில் பணவீக்கம் போக 5 சதவீத விளைச்சலாவது கேட்க வேண்டும் என்பது என் அளவுகோல். விதி அல்ல. 5 சதவீதம் என்றால் 20 மடங்கு. முதல் வழியில் 33.77ஐ 1.33ஆல் பெருக்கி 20 மடங்காக்கினால் சுமார் 900 ரூபாய். இரண்டாவது வழியில் 36.4இன் 20 மடங்கு, 728 ரூபாய். 1,000 என்பது இரண்டுக்கும் மேலே. இரண்டு விடைக்கும் நடுவே 170 ரூபாய் இடைவெளி இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கணக்கு தரும் துல்லியம் அவ்வளவுதான். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓடாதீர்கள்.

அதே தொழிலில் உள்ள இன்னும் மூன்று நான்கு நிறுவனங்களுக்கும் இதே முறையில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். கிருஷ்ணகிரி பெங்களூரா மாம்பழத்தை அல்போன்சாவோடு ஒப்பிட்டு விலை சொல்வதில்லை; உதிரிபாக நிறுவனத்தை மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பிடுவதும் அப்படித்தான்.

இந்த விகிதம் எதைச் சொல்லாது என்பதும் தெரிய வேண்டும். கடன் சுமையைச் சொல்லாது. மின் வாகனம் வந்தால் வேலையே போய்விடும் பாகத்தைச் செய்யும் நிறுவனத்தின் பத்தாண்டு லாபம் அழகாகவே இருக்கும். விலை நாளை இறங்குமா என்றும் சொல்லாது; அதிக விலையில் ஒரு பங்கு ஐந்தாறு ஆண்டு நிற்கலாம்.

8. வாங்கும்போது பிடித்தம் எவ்வளவு

பங்கை எடுத்து வைத்துக்கொள்ளும் முறையில் வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில்) இருப்பு 4 லட்சத்துக்குள் என்றால் அடிப்படைச் சேவைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக் கட்டணம் கிடையாது. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீத வரி. ஓராண்டுக்கு மேல் என்றால் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். பட்டியலிட்ட பங்குகளுக்கு வரிக் கணக்கில் பணவீக்கச் சலுகை இல்லை. ஆகவே மேலே பார்த்த விளைச்சல் வரிக்கு முந்தையது.

சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கையே முதலில் கணக்குப் போடத் தோன்றும், தெரிந்த இடம் என்பதால். கணக்குப் போட்டுப் பழக அது நல்ல இடம். சேமிப்பு முழுவதையும் அங்கேயே வைத்தால், தொழில் படுக்கும் ஆண்டில் ஓவர்டைமும் போகும், பங்கும் போகும்.

9. எப்போது புதுப்பிப்பது

ஆண்டுக்கு ஒருமுறை போதும். மார்ச் மாதக் குறியீட்டெண் ஏப்ரல் 12 வாக்கில் வந்துவிடும். தணிக்கை செய்த ஆண்டு முடிவுகளை நிறுவனங்கள் மே 30க்குள் வெளியிட்டாக வேண்டும். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் தாளைத் திறந்து, மேலே உள்ள பழைய ஆண்டை நீக்கி, கீழே புது ஆண்டைச் சேர்த்து, பெருக்கு எண்களை எல்லாம் புதிய சராசரியை வைத்து மறுபடி போடுங்கள். நீங்கும் ஆண்டு நல்லதா கெட்டதா என்பதையும் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 2020-21இன் 11 ரூபாய் பட்டியலிலிருந்து விழும் ஆண்டில், நிறுவனம் எதுவும் செய்யாமலேயே சராசரி துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்து வாங்கக் கூடாது. முழு ஆண்டறிக்கை செப்டம்பருக்குள் வந்துவிடும். விதிவிலக்கு இனங்களின் குறிப்பை அப்போது ஒருமுறை சரிபார்த்து, ஜூனில் எழுதிய எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.